பெரியவருக்கு உடம்பு இளைக்கிறதா? 70 வயது ஆயுஷ்மான் அட்டை எதற்கு உதவும், எதற்கு உதவாது

பெல்ட்டில் ஆணியை வைத்துப் புதுசாக ஓட்டை போட்டுக்கொள்கிறார், இரண்டு இட்லிக்கே வயிறு நிறைந்துவிட்டது என்கிறார், நாமும் வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், டயட் எதுவும் இல்லாமலே 5 சதவீத எடை போனால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57க்கு வந்தால், டாக்டர்கள் காரணம் தேடுவார்கள். அது பொருந்தாத பல்செட்டாக இருக்கலாம், சர்க்கரை, தைராய்டு, காசநோய், மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரை, வயிற்றுப்புண், சில சமயம் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் 'அட்டை இருக்கே' என்று நிறையப் பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். 70 வயது நிரம்பியவர்களுக்கு, வருமானம் பார்க்காமல், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. ஒரே வீட்டில் 70 தாண்டியவர்கள் இரண்டு பேர் இருந்தால் அந்த 5 லட்சம் இருவருக்கும் சேர்த்துத்தான். பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு, காத்திருப்புக் காலம் கிடையாது. தனியார் இன்சூரன்ஸோ ஈஎஸ்ஐயோ இருந்தாலும் வாங்கலாம். ஆனால் மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஎச்எஸ், முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஎச்எஸ் மாதிரி இருப்பவர்கள் அதுவா இதுவா என்று ஒன்றைத்தான் தேர்வு செய்ய முடியும்.

சிக்கல் என்னவென்றால், இது அட்மிட் ஆவதற்கான அட்டை. உடம்பு இளைப்பதற்கான வைத்தியமோ, அட்மிட் ஆகாமல் டாக்டரைப் பார்க்கும் ஓபியில்தான் ஆரம்பிக்கிறது: ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோபி என்று காரணம் தேடவே வாரக்கணக்கில் ஆகும். அட்மிட் ஆவதற்கு முந்தைய 3 நாள் செலவும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் செலவும்தான் கணக்கில் வரும், வெறும் ஓபி வராது, பரிசோதனைக்காக மட்டும் படுக்க வைத்தாலும் வராது. 'ஒரு நாள் அட்மிட் போட்டு எல்லா டெஸ்டும் எடுத்துடலாம்' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். என்னைக் கேட்டால், காரணம் தேடும் வேலையை அரசு மருத்துவமனை ஓபியில் முடித்துவிட்டு, அறுவை சிகிச்சையோ கீமோவோ தேவை என்று தெரிந்த பிறகு அட்டையை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, சோறு தொண்டையில் அடைத்தாலோ மட்டும் ஓபி வரிசைக்கெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

பல் அடைப்பது, வேர் சிகிச்சை இதற்கெல்லாம் அட்டை உதவாது. உடம்பு தேற டானிக் கேட்பார்கள் இல்லையா, அதுவும் சிகிச்சையின் பகுதி என்று டாக்டர் எழுதினால்தான்.

அட்டைக்கு ஆதார் போதும், வயதும் அதில் உள்ளபடிதான். அதனால் ஆதாரில் வயது குறைவாக இருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியாமல் பெரியவரைத் திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்வார்கள், பாவமாக இருக்கும், ஓடிபியிலோ முகத்தைக் காட்டியோ முடிக்கலாம். ஆயுஷ்மான் செயலியில் நீங்களே செய்யலாம், சந்தேகத்துக்கு 14555. மருத்துவமனைக்குப் போனதும் பில் கவுன்டருக்குப் போகும் முன்பே, இந்தத் திட்டத்துக்கு உதவ அங்கே இருக்கும் ஆரோக்கிய மித்ரா என்ற பணியாளரின் மேசைக்குப் போய், இந்தச் சிகிச்சை இங்கே திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.