வலிக்காத நெறிக்கட்டி

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். சொத்தைப் பல் வீங்கினால் தாடைக்குக் கீழே கட்டும். குழந்தையின் தலையில் பேன் கடித்துப் புண்ணாகியிருந்தால் பிடரிப் பக்கம் இரண்டு மூன்று உருண்டைகள் கையில் தட்டுப்படும். வலிக்கும், காய்ச்சல்கூட அடிக்கலாம். புண் ஆறினால் நெறியும் வடிந்துவிடும். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது, பயப்பட ஒன்றுமில்லை.

அறுவை சிகிச்சை மருத்துவராக என்னைக் கவலைப்பட வைப்பது வேறொரு நெறிக்கட்டி. வலி இருக்காது, சிவந்திருக்காது, மெதுவாக வளரும். "வலிக்கவே இல்லையே டாக்டர், அதான் விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டு மாதங்கள் கழித்து வருபவர்கள் ஏராளம். வலி இல்லாததை நல்ல அறிகுறி என்று நினைக்கிறார்கள். நெறிக்கட்டி விஷயத்தில் பெரும்பாலும் அது நேர்மாறு. வலிக்கும் நெறிக்குப் பின்னால் பெரும்பாலும் சாதாரணக் கிருமித் தொற்றுதான் இருக்கும். வலிக்காமல் நான்கு வாரத்தைத் தாண்டியும் இருக்கிறதென்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

நெறி என்று நாம் சொல்வது வீங்கிய நிணநீர் முடிச்சைத்தான். நம் உடலில் இப்படி ஏறக்குறைய 600 முடிச்சுகள் இருக்கின்றன. ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களின் இடைவெளிகளில் சேரும் நீர், மெல்லிய குழாய்கள் வழியாக நிணநீராக மறுபடி ரத்தத்துக்கே திரும்புகிறது. திரும்பும் வழியில் அது இந்த முடிச்சுகளுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். உள்ளே வெள்ளணுக்கள் நெருக்கமாக இருக்கின்றன. கிருமி வந்தால் அவை பெருகும், முடிச்சு வீங்கும். ஒவ்வொரு முடிச்சுக்கும் உடலில் நீர் வந்துசேரும் ஒரு பகுதி உண்டு. அதனால் நெறியைப் பார்த்ததும் நாங்கள் தேடுவது அந்தப் பகுதியைத்தான். விடாத காய்ச்சலோடு அக்குளில் நெறி கட்டி வந்தவரின் உடலைத் துணி விலக்கித் தேடினால், எங்கேயோ மறைவில் கறுத்த பொருக்கு ஒன்று கண்ணில் படும். பூச்சி கடித்த இடம் அது. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் பல நேரம் அப்படித்தான் பிடிபடுகிறது.

கிருமி வரும் அதே வழியில் புற்றுநோய் அணுக்களும் வரும். இடது காறை எலும்புக்கு மேலே ஒரு குழி இருக்கிறது அல்லவா, அங்கே தட்டுப்படும் முடிச்சு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் நான் விடுவதில்லை. வயிறு, குடல் பகுதிகளின் நிணநீர் எல்லாம் அந்தப் பக்கமாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது. இரைப்பைப் புற்றுநோய்க்கும் அந்த முடிச்சுக்கும் உள்ள தொடர்பை ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1848இலேயே எழுதிவைத்தார். வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை, கழுத்தில்தான் கட்டி என்று வந்தவருக்கு எண்டோஸ்கோபி செய்யச் சொன்னால் வீட்டார் குழம்புவது இயல்புதான். காரணம் இதுதான்.

புகையிலை, பான் மசாலா போடுகிறவர்களுக்குத் தாடைக்குக் கீழே வலிக்காத கட்டி வந்தால் முதலில் வாயைத் திறந்து நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம், பல் ஈறு எல்லாம் பார்க்க வேண்டும். வாய்ப் புற்றுநோயில் கழுத்து முடிச்சுகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் அனில் டிக்ரூஸ் குழுவினர் செய்தது, 2015இல் வெளிவந்தது. ஆரம்பக் கட்ட வாய்ப் புற்றுநோய், கழுத்தில் கட்டி எதுவும் தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு வாய்க் கட்டியை எடுக்கும்போதே கழுத்து முடிச்சுகளையும் எடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கழுத்தில் நோய் தெரிந்த பிறகு எடுத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் முதல் பிரிவில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், இரண்டாவதில் 67.5 சதவீதம். "கழுத்துலதான் ஒண்ணும் இல்லையே, அங்க எதுக்கு டாக்டர் ஆபரேஷன்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

இனி, நம் ஊரில் அதிகம் பார்ப்பதற்கு வருகிறேன். கழுத்தில் நாள்பட்ட நெறிக்கட்டி என்றால் இங்கே முதலில் நினைவுக்கு வருவது காசநோய்தான். கண்டமாலை என்று பெரியவர்கள் சொன்னது பெரும்பாலும் இதைத்தான். முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும், பிறகு உள்ளே சீழ் வைக்கும். அதைச் சாதாரணச் சீழ்க்கட்டி என்று கீறிவிட்டால் மாதக்கணக்கில் ஆறாமல் கசியும். காசநோய் என்று உறுதியானால் ஆறு மாத மாத்திரையில் குணமாகிவிடும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

அந்த 'உறுதியானால்' என்பதில்தான் சிக்கல். ஒரு கல்லூரி மாணவனை அவனுடைய அம்மா அழைத்து வந்தார். கழுத்தில் கட்டி இருந்ததால் வேறு ஓரிடத்தில் எந்தச் சோதனையும் செய்யாமல் காசநோய் மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். நான்கு மாதமாகத் தவறாமல் சாப்பிட்டிருக்கிறான். அந்த மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, கட்டி மட்டும் குறையவில்லை. மறுபக்கமும் ஒன்று வந்திருந்தது. இரவில் பனியன் நனையும் அளவுக்கு வியர்வை, எடைக் குறைவு. பின்னால் நின்று கழுத்தைத் தடவிப் பார்த்தேன். தனித்தனியாக நகர்ந்தன, அழுத்தினால் ரப்பர் மாதிரி இருந்தன. இருந்தாலும் விரலை நம்பி முடிவு சொல்லக் கூடாது. காசநோயிலும் இதே வியர்வை, இதே எடைக் குறைவு உண்டு. சரியான மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே காசநோய்க் கட்டி கொஞ்சம் பெரிதாவதும் உண்டு. ஆனால் காசநோய் என்று நிரூபணமே இல்லாதபோது அந்தச் சமாதானத்தைச் சொல்லவே முடியாது.

ஒரு முடிச்சை முழுதாக எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றேன். அந்த அம்மா தயங்கினார். "கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே சார்?" பரவாது அம்மா, தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து என்று உட்காரவைத்து விளக்கினேன். மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தோம். முடிவு ஹாட்ஜ்கின் லிம்போமா. நிணநீர் முடிச்சிலேயே உருவாகும் புற்றுநோய் இது. நன்றாகக் குணமாகக்கூடிய புற்றுநோய்களில் ஒன்றும்கூட. கீமோ முடிந்து அவன் மறுபடி கல்லூரிக்குப் போகிறான். ஆனால் அந்த நான்கு மாதம் வீண்தானே? எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஆகவே, காசநோய் மாத்திரை எழுதப்படும் முன் "எந்தச் சோதனையில் காசநோய்னு தெரிஞ்சது டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. கட்டி கரைய என்று ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிட வேண்டாம். லிம்போமா அதில் தற்காலிகமாகச் சுருங்கும், பிறகு எடுக்கும் சோதனையும் குழப்பமாகிவிடும்.

முதலில் பெரும்பாலும் மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்ப்போம். வாய், தொண்டைப் புற்றுநோய் சந்தேகம் இருந்தால் அதுதான் சரியான தொடக்கம், எடுத்த எடுப்பிலேயே கழுத்தைத் திறக்கக் கூடாது. லிம்போமா சந்தேகத்தில் ஊசி பல நேரம் போதாது, முடிச்சின் உள்ளமைப்பு முழுதாகத் தெரிய வேண்டும். எடுத்த முடிச்சில் ஒரு பாதி, திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்திலும் மறுபாதி உப்புநீரிலும் போக வேண்டும். ஃபார்மலினில் போட்டால் காசநோய்க் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. எந்தெந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதை முழுமையாக அறியக் கிருமி உயிரோடு வேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டு, பிறகு மறுபடி ஒரு முடிச்சை எடுக்க வேண்டிய நிலைமையை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. வேறு மருத்துவமனைக்குப் போகும்போது ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோனால் போதாது. சோதனை செய்த ஆய்வகத்தில் கண்ணாடித் தகடுகளும் மெழுகில் பதித்த திசுக் கட்டியும் இருக்கும். அவற்றைக் கேட்டால் தருவார்கள். கையோடு வாங்கிக்கொண்டு போங்கள்.