ஆமைக்காக வலையை அறுத்தால் பணம் உண்டு, ஆனால் முதலில் போனை எடுங்கள்

மும்பையின் சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் தொழில் செய்யும் குளச்சல் பக்கத்து அண்ணன் ஒருவர், வலையில் சிக்கிய பெரிய ஆமையை விடுவிக்கத் தன் சொந்த வலையை அறுத்தார். ஆமை பிழைத்துப் போய்விட்டது. அண்ணனுக்கு ஒரு பைசா வரவில்லை. "போட்டோ இல்லையா? அப்போ போ" என்று ஓர் அலுவலகத்தில் அனுப்பிவிட்டார்கள். நடுக்கடலில், ராத்திரியில், கையில் கத்தியோடு நிற்கும் ஆளுக்குப் போட்டோ ஞாபகம் வருமா? இந்த உதவித்தொகையே அந்தப் போட்டோவை நம்பித்தான் இருக்கிறது என்று அவருக்கு முன்னாடியே யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திட்டம் இதுதான். பாதுகாக்கப்பட்ட கடல் விலங்கு வலையில் சிக்கி, அதை உயிரோடு விட வலையை அறுக்க நேர்ந்தால், சேதத்தைப் பார்த்து அதிகபட்சம் 25,000 ரூபாய் தருவார்கள். மகாராஷ்டிர வனத்துறையில் அலையாத்திக் காடுகளைப் பார்க்கும் பிரிவான மேங்குரோவ் செல்லும் மீன்வளத் துறையும் சேர்ந்து 2018 டிசம்பரில் தொடங்கியது. மனு மீன்வளத் துறைக்குப் போகும், பணம் மேங்குரோவ் செல்லிலிருந்து வரும். இரண்டு அலுவலகம் என்றால் அலைச்சலும் இரண்டு மடங்குதான்.

எல்லாச் சுறாவுக்கும் பணம் வரும் என்று நினைக்காதீர்கள். கடலாமை, நாம் ஓங்கில் என்று சொல்லும் டால்பின், திமிங்கலச் சுறா, ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மாதிரி வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவற்றுக்குத்தான். இவற்றை விற்றாலோ வெட்டினாலோ 3 முதல் 7 வருடம் ஜெயில், அபராதம் குறைந்தது 25,000. விட்டால் அதிகபட்சம் கிடைக்கும் தொகையும், விற்றால் கட்ட வேண்டிய குறைந்தபட்ச அபராதமும் ஒன்றே. அதனால் செத்த விலங்கை வைத்துக்கொண்டு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

இப்போது வீடியோ. விலங்கு வலையில் இருப்பது, வலையை அறுப்பது, அது நீந்திப் போவது, இந்த மூன்றும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக இருக்கட்டும், கேமராவைக் கொஞ்சம் திருப்பிப் படகின் பதிவு எண்ணையும் அதிலேயே காட்டிவிடுங்கள். பையன்கள் ஆமையைத் தூக்கி வைத்துப் போஸ் கொடுக்கும் படம் ஒன்றுகூட வேண்டாம், அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த இடம், நேரம் பற்றிய விவரம் கழன்றுவிடும். எடுத்த போனிலேயே ஒரிஜினலை வையுங்கள், மனு முடியும் வரை அழிக்காதீர்கள். கரையேறியதும் கிழிந்த வலையை விரித்துப்போட்டு இன்னொரு படம் எடுங்கள், பொத்துவதற்கு முன்னால்.

விலங்கு சிக்கிய ஜிபிஎஸ் இடத்தை மனுவில் மாற்றி எழுத வேண்டாம். மீன் கிடைக்கும் இடம் தெரிந்துவிடுமே என்று சிலர் கடலில் வேறு எங்கோ புள்ளி வைக்கிறார்கள், பிறகு படத்தோடு ஒத்துப்போகாமல் மனு நின்றுவிடுகிறது. எந்த மாதம் எந்த விலங்கு எங்கே திரிகிறது என்று வரைபடம் போட, மீனவன் எழுதித் தரும் இந்த இடமும் தேதியும் பெரிய உதவி. அதைத் தருகிறவனை வாசலில் நிற்க வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தடை செய்த பகுதியிலோ, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையான மழைக்காலத் தடையிலோ வலை போட்டிருந்தால் இந்த மனுவே உங்கள் மேல் ஆதாரமாகிவிடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது பெயரில்தான். ஆதாரில் "எம். அருள்" என்று இருக்கும், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், படகு லைசென்ஸில் மராத்திக்காரர் காதில் விழுந்தபடி வேறொன்று இருக்கும். மூன்று பெயர், மூன்று ஆள் என்று சொல்லிவிடுவார்கள். இதைச் சரிசெய்யக் கடலுக்குப் போகாத மாதங்களில் நேரம் ஒதுக்குங்கள், வலை கிழிந்த பிறகு ஓடாதீர்கள். ஊர்க் கணக்கின் வங்கி வேறு வங்கியோடு சேர்ந்திருந்தால் பழைய ஐஎஃப்எஸ்சி எண் செல்லாது, புதியதை எழுதுங்கள்.

தாண்டேலாகவோ (படகு ஓட்டும் தலைவர்) கலாசியாகவோ (படகுக் கூலியாள்) போகிறவர்களே, படகும் வலையும் முதலாளி சேட் பெயரில் இருந்தால் பணம் அவர் கணக்குக்குத்தான் போகும். உங்கள் பங்கு என்ன என்பதை முதலிலேயே, நாலு பேர் முன்னிலையில் பேசிவிடுங்கள். கன்னியாகுமரிப் பதிவு எண்ணோடு வந்து இங்கே மீன் இறக்கும் படகுக்காரர் இருவருக்கு நான் மனு எழுதிக் கொடுத்தேன், "இது மகாராஷ்டிரப் படகுக்கு" என்று இரண்டையும் திருப்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அலையுங்கள்.

மனுவை மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். இரண்டாவது பிரதியில் முத்திரையும், மனு வந்ததைப் பதியும் ஆவக் நம்பரும் வாங்குங்கள். "சாகேப் இல்லை, நாளைக்கு வா" என்றாலும் ஆவக் மேசையில் கொடுக்கலாம், அதற்கு சாகேப் தேவையில்லை. அந்த நம்பர் இல்லாமல் மூன்று மாதம் கழித்துப் போனால் "மனுவே வரவில்லை" என்பார்கள், இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம்பர் இருந்தும் பதில் இல்லையா, 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் "இந்த நம்பர் மனு இன்று யார் மேசையில் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.