வேர்வை தெரியாத வெயில்: ஒட்டகச் சவாரிக்குக் கிளம்பும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு

மன்னார்குடியிலிருந்து ராஜஸ்தானுக்கு, ஜோத்பூரின் பகத் கி கோத்தி ஸ்டேஷனுக்கு, வாரம் ஒரு ரயில் போகிறது. அரையாண்டு லீவு நெருங்கினால் என் கிளினிக்கில் தவறாமல் ஒரு கேள்வி வரும். "டாக்டர், ஜெய்சல்மர் போறோம், அம்மாவும் வர்றாங்க, ஒட்டகத்துல ஏறலாமா?" முன்பெல்லாம் "தாராளமா ஏறுங்க, பார்த்துப் போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். அது போதாது என்று எனக்குப் புரியவைத்தவர்கள் இரண்டு பேர்.

முதலாமவர் 62 வயது அம்மா. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், அதில் நீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. ஜெய்சல்மரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சம் மணல்மேட்டுக்கு மதியமே போய்ச் சேர்ந்து, மாலைச் சவாரியும் முடித்து, ஒட்டகத்தை விட்டு இறங்கி நின்ற இடத்திலேயே மயங்கிச் சரிந்துவிட்டார். ஊர் திரும்பியதும் என்னிடம் வந்து கேட்டார்: "எனக்கு வேர்க்கவே இல்லையே டாக்டர், அப்புறம் எப்படி உடம்புல தண்ணி வத்தும்?"

நியாயமான கேள்விதான். டெல்டாக்காரர்களான நமக்கு வெயிலைச் சொல்வதே வேர்வைதான். இங்கே காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாமல் சட்டையை நனைக்கிறது, உடனே சொம்பைத் தேடுகிறோம். தார்ப் பாலைவனத்தின் வறண்ட காற்றில் வேர்வை வந்த கணமே ஆவியாகிவிடும், தோல் காய்ந்தே இருக்கும், அதுவும் டிசம்பரில் காற்று குளுகுளுவென்று வேறு இருப்பதால் தாகமே எடுக்காது, ஆனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். சாயங்காலம் சட்டைக் காலரில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் அத்தனையும் உங்களுக்குத் தெரியாமல் போன வேர்வை. அதனால் அங்கே தாகத்தை நம்பாதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த அம்மா காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார், வழியில் கழிவறை கிடைக்காதே என்று. நம் வீட்டுப் பெண்கள் பயணம் என்றாலே இதைத்தான் செய்கிறார்கள், யாரிடமும் சொல்வதும் இல்லை. வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று கிளம்பும் முன்பே டிரைவரிடம் பேசிவைப்பது வீட்டு ஆண்களின் வேலை. பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எந்த நேரத்தில் போடுவது என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் நாலைந்து பையில் இருக்கட்டும்.

இரண்டாமவர் கீழே விழுந்தவர். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் நிமிர்த்தும், மேலே இருப்பவர் முன்னால் சரிவார். உட்காரும்போது முன்னங்கால்களை மடிக்கும், அப்போதும் முன்னால்தான் தள்ளும். ஏறும்போது எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள், இறங்கும்போதுதான் சவாரி முடிந்துவிட்டது என்று கையைத் தளர்த்துகிறார்கள். இவர் ஒரு கையில் போனை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கி, தை மாத அறுவடையைக் கட்டிலில் படுத்தபடியே மகனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். ஆகவே இரண்டு சமயத்திலும் உடம்பைப் பின்னால் சாய்த்து, இரண்டு கையாலும் சேணத்தைப் பிடியுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள், சின்னக் குழந்தையைத் தனியாக ஏற்றாதீர்கள்.

நாம் போகும் குளிர்காலம்தான் ஆண் ஒட்டகத்துக்கு இணைசேரும் பருவம். கோயில் யானைக்கு மதம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம், கிட்டத்தட்ட அப்படித்தான். வாயோரம் நுரை தள்ளும், பல்லை நறநறவென்று கடிக்கும், வாயிலிருந்து சிவப்பாகப் பலூன் மாதிரி ஒன்று வெளியே தொங்கும். அப்படி ஓர் ஒட்டகத்தைக் கண்டால் வேறு ஒட்டகம் கேளுங்கள், செல்ஃபிக்காக முகத்தருகே போகாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி நாய்க்கடிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஜெய்சல்மர் ஊருக்குள்தான் பெரிய ஆஸ்பத்திரி, 108 அங்கேயும் உண்டு.

ராத்திரி அங்கே 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். நம் மார்கழிப் பனிக்குக் கட்டும் மஃப்ளர் போதாது. குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஸ்வெட்டர், காலுறை எல்லாம் வேண்டும்.

கர்ப்பிணிகள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள் ஒட்டகத்தில் ஏறவே வேண்டாம். அவர்களுக்கு ஒட்டக வண்டி இருக்கிறது, மணலில் மெதுவாகப் போகும், கால் நீட்டி உட்காரலாம். அந்த அம்மா இந்த வருஷம் பேத்தியோடு மறுபடி போகிறார். வண்டிதான் என்று மகனிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன், இடுப்பில் தண்ணீர் பாட்டிலோடு வருவதாக அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.