நீர்க்காகத்தின் உடலில் கொன்றைப் பூ

வெளிர்ந்த வானத்தின் முன்னே, பட்ட மரக்கிளையில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கிறது ஒரு நீர்க்காகம்; அதன் உடலுக்குள் மட்டும் கொத்துக்கொத்தாகக் கொன்றைப் பூக்கள். இத்தகைய படத்தைக் கணினியில் வெட்டி ஒட்டியிருப்பார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், பறவையையும் பூவையும் ஒரே படச்சட்டத்தில் (ஃபிரேமில்) அடுத்தடுத்துப் பதிவுசெய்தாலே போதும்; இதை 'மல்டிபிள் எக்ஸ்போஷர்' என்பார்கள். வெட்டும் வேலையைப் பறவையின் கருமையே பார்த்துக்கொள்கிறது.

ஃபிலிமில் ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகள்கள் மாற்றம் அடைகின்றன. படாதவை அடுத்த ஒளிக்காக அப்படியே காத்திருக்கின்றன. டிஜிட்டல் கேமராவோ ஒவ்வொரு பதிவையும் எண்களாகப் படித்து, பிக்சல் பிக்சலாகக் கூட்டுகிறது. இரண்டிலும் ஒளியோடு ஒளி சேருமே தவிர, முன்பு விழுந்த ஒளியைப் பின்னால் வருவது கழிக்காது. வானம் ஏற்கெனவே வெண்மையின் எல்லையைத் தொட்டுவிட்டதால் அங்கே விழும் மஞ்சள் இதழ் தெரிவதில்லை. ஏறக்குறைய ஒளியே பெறாத பறவையின் உடலில்தான் அது முழு நிறத்தோடு மலர்கிறது.

இரண்டு பதிவுகள் என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டாப் (ஒளியைப் பாதியாக்கும் ஒரு படி), நான்கு என்றால் இரண்டு ஸ்டாப் ஒளியைக் குறைக்க வேண்டும் என்ற வழக்கமான கணக்கு, பூந்தோட்டத்தின் மேல் பூந்தோட்டத்தை அடுக்குவதற்குப் பொருந்தும். வெளிர் வானின் முன் நிற்கும் கரிய நிழலுருவுக்கு அது உதவாது. வானத்தின் ஒளியைக் குறைத்தால் அங்கும் பூக்கள் எட்டிப்பார்க்கும்.

இந்தக் கூட்டல் விதியை நெடுங்காலத்துக்கு முன்பே நுட்பமாகக் கையாண்டவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியென்-ஜூல் மாரே. 1882இல் நொடிக்கு 12 படங்கள் எடுக்கும் துப்பாக்கி வடிவக் கேமராவால் பறவைகளைப் படம்பிடித்த அவர், பின்னர் துளையிட்ட வட்டத் தகடு சுழலும் ஷட்டரைக் கொண்டு, சிறகசைவின் அடுத்தடுத்த நிலைகளை ஒரே கண்ணாடித் தகட்டில் பதித்தார். அதற்கு அவருக்குக் கரிய பின்னணியும் வெளிர்நிறப் பறவையும் தேவைப்பட்டன. பின்னணி வெளிச்சமாக இருந்திருந்தால், ஒவ்வொரு பதிவிலும் அதன் ஒளி முந்தைய உருவத்தின் மேல் படிந்து அதை மங்கச் செய்திருக்கும்.

வெளிச்ச வானில் பறக்கும் கரிய பறவையின் பல நிலைகளை ஒன்றுசேர்க்கும் வசதியைத் தந்தது டிஜிட்டல் கணக்குதான். பல கேமராக்களில் உள்ள 'டார்க்' முறை, கூட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு இடத்திலும் எந்தப் பதிவு இருண்டதோ அதை வைத்துக்கொள்கிறது. 'பிரைட்' முறை இதற்கு நேர்மாறு, இருண்ட காட்டின் முன் பறக்கும் கொக்குக்கு ஏற்றது. இந்த இரண்டையும்விட எளிய கூட்டல் முறையே எனக்கு நெருக்கமானது, ஏனெனில் அதில் இதழின் மென்மையான நிறமாற்றம் குலையாமல் கிடைக்கிறது.

பறவையை முதலில் எடுப்பதே நல்லது, பூ காத்திருக்கும். இரண்டாவது பதிவின்போது, முதல் படத்தைத் திரையில் மங்கலாகக் காட்டும் வசதி இருந்தால், இலைகளுக்கு இடையிலுள்ள இருண்ட இடைவெளி அலகின் மேல் விழும்படி கேமராவைச் சற்று நகர்த்தலாம். அப்போது உடல் முழுவதும் பூவாக மாறினாலும் அலகு மட்டும் கருமையாக, கூர்மையாக நிற்கும்.