உங்கள் காருக்கு எந்த ஸ்பார்க் பிளக்?

பிளக் வாங்கப் போனால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் முதலில் வரும் கேள்வி, "சாதாவா, இரிடியமா?" விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதால் கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். உண்மையில் அது கடைசியாக வரவேண்டிய கேள்வி. நீளம் தப்பான இரிடியம் பிளக் எஞ்சினையே கெடுத்துவிடும். நீளமும் வெப்ப எண்ணும் சரியாக அமைந்த சாதா பிளக் தொந்தரவில்லாமல் 30,000 கிலோமீட்டர் ஓடும்.

பிளக் படும் பாட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு சிலிண்டரில் ஒரு பொறி விழும். 3000 ஆர்.பி.எம்.மில் வினாடிக்கு 25 பொறிகள். சராசரியாக மணிக்கு 40 கி.மீ. வேகம், 2000 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொண்டால் 30,000 கி.மீ. முடிய 750 மணி நேரம் ஆகும். அதற்குள் ஒவ்வொரு பிளக்கும் நாலரைக் கோடி முறை பொறி விட்டிருக்கும். ஒவ்வொரு பொறிக்கும், பேட்டரியின் வோல்ட்டைப் பல மடங்கு கூட்டித் தரும் இக்னிஷன் காயிலிலிருந்து 10,000 முதல் 30,000 வோல்ட் வரை வருகிறது. பொறி விழுந்த மறுகணம் 2000 டிகிரியைத் தாண்டிய நெருப்பு முகத்தில் அடிக்கிறது. சற்று நேரத்தில் குளிர்ந்த காற்றும் பெட்ரோலும் மேலே பாய்கின்றன. இத்தனைக்கும் நடுவில் பிளக்கின் நுனி ஒரு குறிப்பிட்ட வெப்ப வரம்புக்குள் நின்றாக வேண்டும். பிளக் தேர்வில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயம்தான்.

சூடான பிளக், குளிர்ந்த பிளக்

நுனியின் வெப்பம் சுமார் 450 முதல் 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே நின்றால், எரிந்து மிஞ்சிய கரி நடுவிலுள்ள வெள்ளைப் பீங்கான் மேல் படிய ஆரம்பிக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு மின்முனைகளுக்கு இடையே தாவ வேண்டிய மின்சாரம் தாவாமல், பீங்கான் மேல் படிந்த கரி வழியாகவே பிளக்கின் உடம்புக்கு இறங்கிப் போய்விடும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஐடிலிங்கில் வண்டி உதறுவது, பிக்கப் இல்லாமல் போவது எல்லாம் இதன் விளைவு. நுனி அந்த வெப்பத்தைத் தாண்டிவிட்டால் படியும் கரி தானாகவே எரிந்து போகும்.

மேல் எல்லை ஏறக்குறைய 850 டிகிரி. அதைத் தாண்டினால் மின்முனை வேகமாக அரிக்கும். இன்னும் நூறு டிகிரி ஏறினால் நுனி கனன்று சிவந்து, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும்போதே எதிரில் வெடிப்பு. இது தொடர்ந்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழ அதிக நேரம் ஆகாது. கரி படிந்த பிளக் வழியில் நிறுத்தும்; எஞ்சினைக் கொல்லாது. அளவுக்கு மீறிச் சூடேறும் பிளக் எஞ்சினையே கொன்றுவிடும்.

நுனி வாங்கும் வெப்பம் பீங்கான் வழியாக இரும்பு உடம்புக்கும், அங்கிருந்து மரை வழியாக சிலிண்டர் ஹெட்டுக்கும் போய்ச் சேரும். பீங்கானின் மூக்கு நீளமாக, உடம்பைத் தொடாமல் நின்றால் வெப்பம் வெகுதூரம் பயணிக்க வேண்டும். நுனி சூடாகவே இருக்கும். இதுதான் ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் வெப்பம் சீக்கிரம் வடியும். அது கோல்ட் பிளக். ஹாட் பிளக் போட்டால் பொறி சூடாக, பலமாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். பொறிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. வெப்பம் எவ்வளவு சீக்கிரம் வடிகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

இங்கேதான் கடை கவுண்டரில் நடக்கும் பெரிய தப்பு இருக்கிறது. பிளக் எவ்வளவு சூடானது, எவ்வளவு குளிர்ந்தது என்பதைக் குறியீட்டில் உள்ள வெப்ப எண் சொல்லும். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் இந்த எண் கூடக் கூடப் பிளக் குளிர்ந்தது. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடக் கூடச் சூடானது. அளவுகோலும் ஒன்றல்ல: என்ஜிகேயின் 6 ஏறக்குறைய டென்சோவின் 20, பாஷின் 7. என்ஜிகேயின் 5 என்றால் டென்சோவில் 16, பாஷில் 8. "எண்ணு கிட்டத்தட்ட ஒண்ணுதானே" என்று கம்பெனி மாற்றி எடுத்துக் கொடுத்தால் விபரீதம்தான். கம்பெனி மாற்றுவதாக இருந்தால் புதிய கம்பெனியின் பட்டியலில் உங்கள் வண்டியின் மாடல், வருடம், எஞ்சின் மூன்றையும் வைத்துத் தேடுங்கள்.

எண்ணில் ஒரு படி மாறினால் நுனியின் வெப்பம் சுமார் 70 முதல் 100 டிகிரி மாறும். வேலை செய்யும் வரம்பே 400 டிகிரிக்குள் அடங்கியது என்பதால் ஒரு படி என்பது சின்ன விஷயமல்ல. டர்போ அழுத்தம் கூட்டியோ, ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப் செய்தோ அதிக சக்தி எடுக்கும் வண்டிக்கு ஒரு படி குளிர்ந்த பிளக் தேவைப்படலாம். கம்பெனி நிலையிலேயே இருக்கும் காருக்கு எண்ணை மாற்றக் காரணமே இல்லை. தினமும் கடைவீதிக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓடி, கரி படியும் வண்டிக்குக்கூட, சூடான பிளக்கைத் தேடுவதைவிட வாரம் ஒருமுறை பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டுவது நல்ல வைத்தியம்.

பெட்டியில் எழுதியிருப்பது என்ன?

என்ஜிகேயின் பிகேஆர்6இ-11 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 'பிகே' என்றால் 14 மி.மீ. மரை, 16 மி.மீ. ஸ்பேனர். 'ஆர்' உள்ளே ரெசிஸ்டர் இருப்பதைச் சொல்கிறது. 6 வெப்ப எண். 'இ' மரைப் பகுதியின் நீளம் 19 மி.மீ. கடைசியில் வரும் 11, இரண்டு மின்முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி 1.1 மி.மீ. என்பது. இதில் ஓர் எழுத்துகூட அலங்காரத்துக்கு இல்லை.

மிக ஆபத்தான எழுத்து நீளத்தைக் குறிப்பதுதான். பிபிஆர்6இஎஸ், பிபிஆர்6எச்எஸ் இரண்டுக்கும் ஒரே மரை, ஒரே ஸ்பேனர், ஒரே வெப்ப எண். நடுவில் உள்ள 'இ' 19 மி.மீ., 'எச்' 12.7 மி.மீ. இரண்டும் ஒரே ஓட்டையில் அழகாகத் திருகி ஏறும். 12.7 வர வேண்டிய இடத்தில் 19 போட்டால் ஆறு மி.மீ. மரை எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கலாம். இடிக்காமல் தப்பினாலும், வெளியே நீட்டிய மரை சூடேறி, கரி பிடித்து, அடுத்த முறை கழற்றும்போது ஹெட்டின் மரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். தலைகீழாக, குட்டையான பிளக்கைப் போட்டால் பொறி ஒரு குழிக்குள் விழும். கலவை சரியாக எரியாது. ஹெட்டில் மிச்சமிருக்கும் மரைக்குள் கரி நிரம்பி, பின்னால் சரியான பிளக்கைப் போடும்போது அது ஏற மறுக்கும். அதனால் புதுப் பிளக்கைப் பழைய பிளக்கின் பக்கத்தில் நிறுத்தி நீளம், மரை, அமரும் இடம் மூன்றையும் கண்ணால் ஒப்பிடாமல் மாட்டக் கூடாது. சில பிளக்குகள் வாஷரோடு தட்டையாக அமரும், சில வாஷரில்லாமல் கூம்பு வடிவில் அமரும். ஒன்றின் இடத்தில் மற்றது நிற்காது.

'ஆர்' இல்லாத பிளக்கை இன்றைய கார்களில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் சுமார் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர், பொறி கிளப்பும் ரேடியோ இரைச்சலை அடக்குகிறது. அது இல்லாவிட்டால் ஈசியூவும் சென்சார்களும் குழம்பும். போலிப் பிளக்கை அடையாளம் காணவும் இது உதவும். மல்டிமீட்டரின் ஒரு கம்பியை மேல் முனையிலும் மற்றதை நடு மின்முனையிலும் வைத்துப் பாருங்கள். 'ஆர்' என்று அச்சிட்டும் பூஜ்யம் காட்டினால் அது போலி. எழுத்து மங்கலாக இருப்பது, மரை சொரசொரப்பாக இருப்பது, நடு மின்முனைக்கு நேராகப் பக்க மின்முனை நிற்காமல் ஒதுங்கியிருப்பது எல்லாம் சந்தேகப்பட வேண்டிய அடையாளங்களே.

சாதாவா, இரிடியமா?

கடையில் 'காப்பர் பிளக்' என்று சொல்வதில் தாமிரம் உள்ளே, வெப்பத்தைக் கடத்தும் தண்டாக மட்டுமே இருக்கிறது. நெருப்பைப் பார்க்கும் முனை நிக்கல் கலவை. நிக்கல் 1455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1768-இல், இரிடியம் 2446-இல். தாங்கும் திறன் கூடியதால் முனையை மெல்லியதாக்க முடிகிறது. நிக்கல் முனையின் தடிமன் சுமார் 2.5 மி.மீ.; இரிடியத்தில் 0.6 மி.மீ., சில டென்சோ பிளக்குகளில் 0.4 மி.மீ. முனை கூர்மையானால் அங்கே மின்புலம் குவியும், குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாவும். பிறந்த நெருப்புக் குஞ்சின் வெப்பத்தைத் தடித்த உலோகம் உறிஞ்சி அணைத்துவிடும் வாய்ப்பும் குறையும்.

ஆயுள்தான் இதன் உண்மையான லாபம். நிக்கல் பிளக்கை 30,000 கி.மீ. வாக்கில் மாற்றச் சொல்வார்கள். நல்ல இரிடியம் 80,000 முதல் 1,00,000 கி.மீ. வரை போகும். நன்றாக ஓடும் எஞ்சினில் நிக்கலை எடுத்துவிட்டு இரிடியம் போட்டதால் மைலேஜ் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடியது என்று யாராவது சொன்னால், அது பழைய பிளக் தேய்ந்திருந்ததற்கான சான்று. பிளக்கை எட்டவே இன்டேக் மேனிஃபோல்டை (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) கழற்ற வேண்டிய வண்டி என்றால் இரிடியம் கூலியிலேயே காசைத் திருப்பித் தந்துவிடும். கம்பெனியே இரிடியம் கொடுத்த எஞ்சினில் காசு மிச்சம் பிடிக்க நிக்கலுக்கு இறங்குவது வேண்டாம். அதன் காயிலும் இடைவெளியும் மெல்லிய முனையை நம்பி அமைந்தவை.

எத்தனை பிளக் என்பதையும் கேட்டு வாங்குங்கள். ஹோண்டா சிட்டியின் பழைய ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு எட்டுப் பிளக். எட்டச் சிரமமான பின்வரிசை நான்கைத் தொடாமல் விட்டுவிடும் ஒர்க்ஷாப்புகள் உண்டு.

ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி தரும் எஞ்சின்களில், ஜோடியில் ஒரு பிளக்குக்கு மின்சாரம் தலைகீழாகப் பாயும். அங்கே பக்க மின்முனைதான் அதிகம் அரிக்கும். அத்தகைய வண்டிகளுக்கு இரண்டு மின்முனையிலும் பிளாட்டினமோ இரிடியமோ பதித்த பிளக்கே பொருத்தம்.

இடைவெளி

அழுத்தம் கூடினாலும் இடைவெளி கூடினாலும் பொறி தாவத் தேவையான வோல்ட் ஏறும். டர்போ எஞ்சினில் அழுத்தம் அதிகம் என்பதால் இடைவெளி 0.7 அல்லது 0.8 மி.மீ. என்று சுருக்கியிருப்பார்கள், டர்போ இல்லாத பல கார்களில் 1.0 அல்லது 1.1 இருக்கும். சிஎன்ஜி ஓட்டும் கார்களில் பிரச்சினை இன்னும் கூடும். வாயு எரிபொருளைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும். திரவம் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் அங்கே இல்லை. வெளியில் கிட் மாட்டிய வண்டி மேட்டில் திணறுகிறது என்றால் முதலில் பிளக்கின் இடைவெளியைப் பாருங்கள். 0.1 அல்லது 0.2 மி.மீ. குறைத்தாலே பலமுறை சரியாகிவிடும். தேய்ந்த பிளக்கோடு சிஎன்ஜியில் தொடர்ந்து ஓட்டினால் அடுத்துப் போவது காயில்.

நிக்கல் பிளக்கில் பக்க மின்முனையை மெல்ல வளைத்து, கம்பி கேஜ் வைத்துச் சரிசெய்யலாம். இரிடியத்தில் நடு முனையின் மேல் எதையும் ஊன்றி நெம்பக் கூடாது. மெல்லிய முனை முறிந்துவிடும்.

கழற்றியதும், மாட்டும்போதும்

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி வையுங்கள். பீங்கான் இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எல்லாம் நலம். காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, இல்லையேல் வண்டி சூடேறும் முன்பே நிறுத்தப்படுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கையோ வால்வு சீலையோ சோதிக்க வேண்டும். எந்தப் பிளக்கும் அதைக் குணப்படுத்தாது. சுண்ணாம்பு வெள்ளையாகி, கொப்புளம் போல இருந்தால் அதிகச் சூடு: தப்பான எண், காற்று அதிகமான கலவை, தளர்வாக மாட்டிய பிளக் ஆகிய மூன்றில் ஒன்று. நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டால் பழுது அந்தச் சிலிண்டரில் மட்டும். வெளிப்புறப் பீங்கானில் இரும்பு உடம்பை ஒட்டித் தெரியும் பழுப்பு வளையத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கசிவு அல்ல.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக் குழியிலுள்ள மண்ணை முதலில் காற்றடித்து ஊதிவிடுங்கள், இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். மேல் முனையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி அதாலேயே திருகி இறக்கினால், மரை கோணலாக ஏறும்போது குழாய் வழுக்கும், ஹெட் பிழைக்கும். இறுக்கும் அளவு (டார்க்), அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. பிளக்குக்கு 15 முதல் 20. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், கையால் திருகி அமர்ந்தபின் புது வாஷருள்ள 14 மி.மீ. பிளக்குக்கு அரை முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்று வரை இறுக்குங்கள். கூம்பாக அமரும் பிளக்குக்குப் பதினாறில் ஒரு சுற்றே போதும். மரையில் கிரீஸ் தடவாதீர்கள். மரை வழுக்கி, அதே டார்க்கில் கூடுதலாக இறுகிவிடும். கீழே விழுந்த பிளக்கைப் பீங்கானில் விரிசல் தெரியாவிட்டாலும் போடாமல் விடுவதே நல்லது.

எல்லாம் மாட்டியும் வண்டி உதறினால், ஈசியூ பதிந்து வைத்த பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகுங்கள். பி0301 முதல் பி0304 வரையான குறியீடுகளில் கடைசி எண்ணே மிஸ்ஃபயர் ஆகும் (சரியாகப் பற்றாத) சிலிண்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள எஞ்சின் என்றால், அந்தச் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடும் கூடவே இடம் மாறினால் பழுது காயிலில். மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் பிளக்கை மறுபடி கழற்றிப் பாருங்கள், அதற்கடுத்து இன்ஜெக்டர்.