வீடு கைமாறினால் குடியிருப்பு முறிவதில்லை

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு அருகே குடியிருக்கும் தையற்காரர் ஒருவர் சென்ற வாரம் மனைவியோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்து, ஜவுளிக்கடைப் பையிலிருந்து நான்காக மடித்த 20 ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். மடிப்புகள் இற்றுப்போய், பின்புறம் ஒட்டுநாடா ஒட்டப்பட்டிருந்தது. மாத வாடகைக்குப் பதிலாக 4 லட்சம் ரூபாய் மொத்தமாகக் கொடுத்து அவர் வீட்டைப் போக்கியத்துக்கு எடுத்ததற்கு அவரிடம் இருக்கும் ஒரே எழுத்து அதுதான். அது பதிவு செய்யப்படவில்லை. சென்னையில் குடியேறிவிட்ட வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் பத்து நாளில் காலி செய்யும்படி சொல்லிவிட்டு, தண்ணீர் மோட்டாரின் சுவிட்சையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். "வீட்டை வித்துட்டா நாங்க போய்த்தானே சார் ஆகணும், பணத்தை மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க" என்றார் அந்த அம்மாள். தை பிறந்ததிலிருந்து இந்த வாசகத்தோடு என்னிடம் வந்த மூன்றாவது குடும்பம் இது.

வீட்டை விற்றுவிட்டால் குடியிருப்பவர் போய்த்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னார்கள்? வயல் கைமாறினால் குத்தகைக்காரர் வெளியேற வேண்டியதில்லை என்பது காவிரிப் படுகையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இலேயே வந்துவிட்டது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மூன்று மா நிலத்துக்காக அவ்வளவு விவரமாக வாதாடுகிற அதே மனிதர், தாம் குடியிருக்கும் வீடு விலைபோனதும் ஒரு வார்த்தை கேட்காமல் சாமான்களை மூட்டை கட்டுகிறார். வயலுக்கான சட்டமும் வீட்டுக்கான சட்டமும் வேறு என்றாலும், உரிமையாளர் மாறியதனாலேயே குடியிருப்பவர் மாறவேண்டியதில்லை என்பது இரண்டுக்கும் பொது.

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 109ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. வீட்டை வாங்கியவர், விற்றவர் இருந்த இடத்தில் வந்து அமர்கிறார். விற்றவருக்கு இருந்த உரிமைகள் அவருக்கு வருகின்றன, வாடகைதாரர் விரும்பினால் விற்றவரின் பொறுப்புகளும் அவர் தலையில் வந்து சேர்கின்றன. பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஏழு மாதம் பாக்கியிருந்தால், அந்த ஏழு மாதமும் அதே வாடகைக்கு, அதே நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவர் உங்களுக்கு வீட்டுக்காரர். புதிதாக ஒப்பந்தம் எழுதவில்லையே என்று நீங்கள் பதற வேண்டியதில்லை. அவருக்குக் குடியிருக்க வீடு வேண்டுமென்றால், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை நீதிமன்றத்தில் மனுப்போட்டு, தம் தேவையை மெய்ப்பித்து உத்தரவு பெறட்டும். மோட்டார் சுவிட்சைக் கழற்றுவதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும், வாசலில் ஆள் நிறுத்துவதும் எந்தச் சட்டத்திலும் இல்லாதவை. தண்ணீரும் மின்சாரமும் அத்தியாவசியச் சேவைகள். அவற்றை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

இப்படி எழுதுவதைப் படித்துவிட்டு, முகம் தெரியாத புதியவருக்கு ஏன் வாடகை கொடுக்க வேண்டும் என்று மார்தட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. கொடுக்கத்தான் வேண்டும். விற்பனையைத் தடுக்கவோ, உங்கள் சம்மதத்தைக் கேட்கவில்லை என்று சண்டைபிடிக்கவோ உங்களுக்கு உரிமையில்லை. வீடு விலைபோனது தெரியாமல், நல்லெண்ணத்தோடு பழையவருக்குக் கொடுத்த வாடகையை மறுபடியும் புதியவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று அதே 109ஆவது பிரிவு உங்களைக் காக்கிறது. ஆனால் விற்பனை தெரிந்த பிறகும் பழையவருக்கே கொடுத்தால் அந்தப் பணம் உங்கள் கணக்கில் வராது. கிரையத்துக்கு முந்தைய பாக்கி, எழுதி மாற்றிக் கொடுக்கப்பட்டாலொழிய, பழையவருக்கு உரியது. யாருக்குக் கொடுப்பது என்று உண்மையிலேயே தெரியவில்லையா, வாடகை அதிகாரியிடம் வாடகையைச் செலுத்த வழியிருக்கிறது. கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் மிகப் பெரிய தவறு. வாடகை பாக்கி என்ற ஒரு காரணத்தை நீங்களே எடுத்து எதிராளி கையில் கொடுக்கிறீர்கள்.

எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புதிய வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யச் சொல்கிறது. எழுதாமல் விட்டதே வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணமாக அந்தச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. இருபது வருடப் பழக்கம், தாயாய்ப் பிள்ளையாய் இருந்தோம் என்பதெல்லாம் பழைய வீட்டுக்காரரோடு போயிற்று. வாங்கியவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இனி, என் வயிற்றைக் கலக்குகிற விஷயத்துக்கு வருகிறேன். வாடகைக்குப் பதிலாக லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து, வட்டிக்கும் வாடகைக்கும் சரி என்று குடியேறும் ஏற்பாட்டை நம் பக்கம் ஒத்தி என்றும் போக்கியம் என்றும், இப்போது லீஸ் என்றும் சொல்கிறோம். வீட்டின் அனுபோகத்தை ஈடாக வைத்து வாங்கிய கடன் அது. பதிவு செய்த ஆவணம் இருந்தால்தான் சட்டத்தின் முன் அது அடமானமாக நிற்கும். பதிவான போக்கியம் வில்லங்கச் சான்றிதழில் ஏறும், வீட்டை யார் வாங்கினாலும் அதைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும், உங்கள் பணத்தைத் தீர்க்காமல் உங்களை அசைக்க முடியாது. பதிவு இல்லையென்றால் வீட்டின்மேல் உங்களுக்குப் பிடிப்பே இல்லை. ஊரைவிட்டுப் போன ஒரு மனிதரைத் துரத்தும், வெறுமனே கடன் கொடுத்தவராக நிற்பீர்கள். பதிவுச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்து மனைவியின் நகையை அடகுவைத்த பணத்தைப் பணயம் வைக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பணம் கொடுப்பதற்கு முன்பே வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்தால், உரிமை ஆவண ஒப்படைப்பாகப் பதிவான அந்த விவரம் அதில் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த வீட்டில் ஒரு ரூபாயும் போக்கியமாகப் போடாதீர்கள். முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள், ரசீது வாங்குங்கள். வீடு விற்கப்படுகிறது என்று காதில் விழுந்ததும் கிரையப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். முன்பணம் இவ்வளவு, அதைப் புதியவர் பொறுப்பேற்கிறார் என்று ஒரு கடிதத்தில் மூவரும் கையெழுத்திடுங்கள். அது நடக்காவிட்டால், முன்பணத்தின் விவரத்தைக் குறிப்பிட்டு இருவருக்கும் ஒப்புகையுடன் கூடிய தபாலில் கடிதம் அனுப்பிவிடுங்கள். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வீட்டில் ஒருவர் குடியிருக்கும்போது, அவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அது உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. கிரையத்துக்கு முன்பு உள்ளே போய் அவரிடமே கேளுங்கள்.

தையற்காரருக்காக வாங்கியவருக்கும் விற்றவருக்கும் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். மோட்டார் மறுநாளே ஓடத் தொடங்கிவிட்டது. 4 லட்சத்தில் இரண்டரை லட்சம் வங்கிக் கணக்கு வழியாகப் போனதற்குப் பதிவு கிடைத்திருக்கிறது. மீதி ஒன்றரை லட்சத்தை வீட்டுக்காரரின் திண்ணையில் உட்கார்ந்து ரொக்கமாக எண்ணிக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். அப்போது கூட இருந்த சாட்சி யார் என்று கேட்டிருக்கிறேன். கணவனும் மனைவியும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.