சம்பா நெருக்கடியைத் தாங்கும் சர்வர் எது?

தை பிறந்து சம்பா அறுவடை சூடுபிடித்துவிட்டால் டெல்டாவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வேலை. மன்னார்குடிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், உறுப்பினர்களின் நெல்லைக் கொள்முதல் செய்ய ஒரு செயலி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். விவசாயி கைபேசியில் தன் முறையைப் பதிய வேண்டும்; ஈரப்பதமும் 40 கிலோ மூட்டைகளின் எண்ணிக்கையும் கணக்கில் ஏற வேண்டும்; பணம் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். ஆடியில் இந்தச் செயலியைத் தொட ஆள் இருக்காது. தையில் சுற்றுவட்டாரம் முழுவதும் விடிந்ததும் ஒன்றாகக் கதவைத் தட்டும்.

நிரலை ஜாவா மொழியில் எழுதுவது என்று முடிவாகிவிட்டது. அதை எந்த அப்ளிகேஷன் சர்வரில், அதாவது நிரலைத் தாங்கி ஓட்டும் எந்த மென்பொருளில், ஓட்டுவது என்பதில்தான் தகராறு. உரிமத்துக்குக் கொட்டிக் கொடுக்கப் பணம் இல்லை. மூலநிரலை எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய திறந்தமூலத்திலோ டாம்கேட், டாம்ஈஈ, வைல்ட்ஃபிளை, கிளாஸ்ஃபிஷ், பயாரா, ஓப்பன் லிபர்ட்டி என்று வரிசையாக நிற்கின்றன.

இவற்றின் வசதிப் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. எல்லாமே ஜகார்த்தா ஈஈ என்ற ஒரே விதித்தொகுப்பை முழுதாகவோ பகுதியாகவோ நிறைவேற்றுபவை; டாம்கேட் மட்டும் அதில் சில விதிகளோடு நின்றுகொள்ளும். 1999-இல் சன் நிறுவனம் வெளியிட்ட விதித்தொகுப்பின் இன்றைய வடிவம் அது. கொள்முதல் கணக்கை நிரலர் எழுதுவார்; வேண்டுகோளை வாங்குவது, தரவுத்தளத்தோடு பேசுவது, பாதியில் அறுந்ததைச் சரிசெய்வது போன்ற பொது வேலைகளைச் சர்வர் ஏற்கும். டாம்கேட்டின் பலம் முதல் வேலையில்தான்; கடைசி வேலை அதில் கிடையாது.

நெரிசலில் எது முதலில் திணறும்? டாம்கேட் இயல்பாக 200 த்ரெட்கள் வரை, அதாவது ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் 200 கைகள் வரை, வைத்துக்கொள்ளும். வரும் வேண்டுகோள் ஒவ்வொன்றையும் ஒரு த்ரெட் கவனிக்கும். அந்த 200 பேரும் தரவுத்தளத்துக்குப் போக, திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு ஒன்று உண்டு. அதில் 20 இணைப்புகள் இருந்து, ஒவ்வொரு பதிவும் ஓர் இணைப்பை 50 மில்லி விநாடி பிடித்துவைத்தால், விநாடிக்கு 400 பதிவுகள் நடக்கும். தரவுத்தளத்திடம் தகவல் கேட்க யாரோ அவசரத்தில் எழுதிய ஒரு வினவல் அந்த 50-ஐ 2 விநாடியாக்கினால், அதே 20 இணைப்புகளால் விநாடிக்குப் 10 பதிவுகள்தான். மற்றவர்கள் திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உடனே தொகுப்பை 200 ஆக்கு என்பார்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கும்போது எல்லா மதகுகளையும் ஒன்றாகத் திறந்தால் கடைமடைக்கு என்ன போய்ச் சேரும் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தரவுத்தளம் ஓடும் கணினியின் வட்டும் சிபியூவும் வளராமல் இணைப்பை மட்டும் கூட்டினால் எல்லாப் பதிவும் சேர்ந்து மெதுவாகும். 2023-இல் வந்த ஜாவா 21-இன் மெய்நிகர் த்ரெட்களும் (மிகக் குறைந்த நினைவகத்தில் ஆயிரக்கணக்கில் வைத்துக்கொள்ளக்கூடிய த்ரெட்கள்) இதற்கு மருந்தல்ல. அவை காத்திருப்பதை மலிவாக்கும், காத்திருப்பை ஒழிக்காது. ஆக, வேகத்தைக் காட்டி ஒரு சர்வரைப் பரிந்துரைப்பவரிடம் முதலில் வினவலைத்தான் கேட்க வேண்டும்.

உண்மையான வேறுபாடு பரிவர்த்தனையில், அதாவது எல்லாம் நடக்க வேண்டும் அல்லது எதுவுமே நடக்கக் கூடாது என்ற வேலைத் தொகுப்பில், இருக்கிறது. நெல் வரவு ஒரு தரவுத்தளத்திலும், பணம் வழங்கும் ஆணை, செய்திகளை வரிசையாக வைத்து அனுப்பும் தனியான ஒரு செய்தி வரிசையிலும் பதிவாகிறது. முதலாவது எழுதப்பட்டு இரண்டாவதற்கு முன் மின்சாரம் போனால், நெல் போயிற்று, பணம் வரவில்லை. இதைத் தடுக்கச் சர்வர் இரண்டு கட்டங்களில் வேலை செய்யும். முதலில் இரு பக்கமும் ‘தயாரா?’ என்று கேட்கும். இருவரும் தயார் என்றதும் தன் முடிவைத் தன் பதிவேட்டில் எழுதிவிட்டு, அதன்பிறகே ‘உறுதி செய்’ என்று சொல்லும். நடுவில் விழுந்தாலும், எழுந்தவுடன் பதிவேட்டைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வைல்ட்ஃபிளையில் இந்த வேலையைச் செய்யும் பகுதியின் பெயர் நாராயணா. ஸ்ரீரங்கத்துக்காரர் யாரும் எழுதியதல்ல. அதன் வேர் 1980களில் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நடந்த அர்ஜுனா என்ற ஆய்வுத் திட்டம். கெட்டிக்கார மென்பொருள்தான். ஆனால் ஒவ்வொரு சர்வருக்கும் தனி அடையாளம் கொடுக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. இயல்பாக எல்லாவற்றுக்கும் ‘1’ என்றே இருக்கும். அதை மாற்றாமல் இரண்டு சர்வர்களை ஒரே தரவுத்தளத்தோடு கட்டிவிட்டால், ஒன்றின் முடியாத பரிவர்த்தனையை மற்றொன்று தன்னுடையது என்று எண்ணி ரத்துசெய்யக்கூடும். சர்வரைக் கன்டெய்னர் என்ற, வேண்டும்போது உருவாக்கி அழிக்கும் பொதிக்குள் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு தொல்லை: கன்டெய்னர் அழியும்போது பதிவேடும் சேர்ந்து அழியும், நிலையான வட்டில் வைத்திருந்தாலொழிய.

அடுத்து ஆயுள். அப்பாச்சி ஜெரோனிமோ என்ற சர்வர் 2003-இல் தொடங்கிய திட்டம். ஐபிஎம் அதன்மேல் தன் சரக்கைக் கட்டி விற்றது. இன்று அந்தச் சர்வரை வளர்ப்பார் இல்லை. அதன் பரிவர்த்தனைப் பகுதி மட்டும் டாம்ஈஈக்குள் பிழைத்திருக்கிறது. கிளாஸ்ஃபிஷுக்கு, சன்னை வாங்கிய ஆரக்கிள், வணிக ஆதரவை நிறுத்தப்போவதாக 2013-இல் அறிவித்தது. அந்த வெற்றிடத்தில் முளைத்தது பயாரா. கிளாஸ்ஃபிஷும் பின்னர் திறந்தமூலத் திட்டங்களைப் பேணும் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போய் உயிரோடு இருக்கிறது. மூலநிரல் திறந்திருப்பதால் எவரும் தொடரலாம். தொடர ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. வைல்ட்ஃபிளை ஏறத்தாழக் காலாண்டுக்கு ஒரு பதிப்பு விடுகிறது. பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றால் புதிய பதிப்புக்கு ஏற வேண்டும்; பழையதிலேயே பல ஆண்டு இருக்க விரும்புபவர் அதன் வணிக வடிவத்தை விற்கும் ரெட் ஹேட் நிறுவனத்துக்குச் சந்தா கட்ட வேண்டும். அறுவடை நடுவில் பதிப்பு மாற்ற யாருக்கும் தெம்பிருக்காது. ஐபிஎம் 2017-இல் திறந்துவிட்ட ஓப்பன் லிபர்ட்டி நான்கு வாரத்துக்கு ஒன்று விடுகிறது. ஆனால் பழைய அமைப்புகள் புதியதிலும் மாறாமல் ஓட வேண்டும் என்பதை அது கொள்கையாகவே வைத்திருக்கிறது. இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

2020 இறுதியில் வந்த ஜகார்த்தா ஈஈ 9, நிரலில் ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கிய தன் பெயர்களை எல்லாம் ‘ஜகார்த்தா’ என்று மாற்றியது. ‘ஜாவா’ என்ற வர்த்தகப் பெயரை ஆரக்கிள் விட்டுத்தராததன் விளைவு. பழைய பெயரோடு டாம்கேட் 9-இல் ஓடும் நிரல், புதிய பெயரை எதிர்பார்க்கும் டாம்கேட் 10-இல் அப்படியே ஓடாது. புதிதாக எழுதுபவர் புதிய பெயரிலேயே தொடங்கிவிடலாம்.

மன்னார்குடிச் செயலிக்கு என் கணக்கு இது. பண ஆணையும் அதே தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாக இருக்குமானால் டாம்கேட் போதும். இரண்டு கட்ட ஏற்பாடே தேவையில்லை. தனி வரிசைதான் என்றால் ஓப்பன் லிபர்ட்டி, அல்லது அடையாளத்தைத் திருத்திய வைல்ட்ஃபிளை. எதுவானாலும், சோதனைப் பதிவுகளை முழு வேகத்தில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சர்வரை மின்சாரம் போனதுபோல நிறுத்திப் பார்க்க வேண்டும். மீண்டும் எழுந்த பிறகு மூட்டைக் கணக்கும் பண ஆணைக் கணக்கும் பொருந்தினால் அந்த அமைப்பை ஏற்கலாம். ஒரு மூட்டை இடித்தாலும், பதிவேடு எந்த வட்டில் எழுதப்படுகிறது என்பதிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும்.